தக்காளி விலை ஏறினால் உப்பும் ஏற வேண்டுமா?

அண்மையில் எங்கள் சிறுநீரகப் பிரிவின் புறநோயாளிகள் அறைக்கு வந்த ஓர் அம்மையாரின் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. ரத்த அழுத்தமும் உயர்ந்திருந்தது. வயது அறுபதைக் கடந்தவர். சிறுநீரகங்களின் செயல்திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த நிலையில் பல ஆண்டுகளாக எங்களிடம் மருத்துவம் பெற்று வருபவர். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஐந்து மாதம் தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். மாத்திரைகளை ஒரு நாளும் தவறவிடவில்லை என்றார். ஊறுகாய், அப்பளம், கருவாடு எதையும் தொடவில்லை என்றார். இரண்டும் உண்மை என்று உடன் வந்த கணவரும் உறுதி கூறினார்.

அன்றாடச் சமையலை வேளைவாரியாகக் கேட்டபோது விடை கிடைத்தது. "அங்க தக்காளி விலை ஏறிப்போச்சு டாக்டர். அதனால டப்பாவுல வர்ற தக்காளியைத்தான் ரசத்துக்கும் குழம்புக்கும் போட்டோம். ராத்திரி பேரப்பிள்ளைங்களுக்கு பாஸ்தா செய்வாங்க, நானும் அதையே சாப்பிட்டுக்குவேன்" என்றார். ஊறுகாய்ச் சாடியை மூடிவைத்திருந்த வீட்டுக்குள் உப்பு வேறு வழியாக நுழைந்திருந்தது. அவருடைய இசைவுடன் இதனை இங்கே எழுதுகிறோம். பிள்ளைகளைக் காண வெளிநாடு செல்லும் பெற்றோர் நம் நோயாளிகளில் பலர் இருப்பதால், இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததாகக் கருதுவதற்கில்லை.

விலை ஏறியது எதனால்?

அமெரிக்கக் கடைகளில் விற்கும் புதிய தக்காளியில் பத்தில் ஏழு பங்கு மெக்சிகோவிலிருந்து வருவது. அத்தக்காளி அடக்க விலைக்கும் குறைவாக விற்கப்படுகிறது என்று ஃபுளோரிடா மாநில விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வந்தனர். 1996இல் இரு தரப்புக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மெக்சிகோ விவசாயிகள் குறிப்பிட்ட குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்பதில்லை. அமெரிக்கா கூடுதல் வரி விதிப்பதில்லை என்பது அதன் சாரம். பலமுறை புதுப்பிக்கப்பட்ட அந்த ஏற்பாட்டிலிருந்து அமெரிக்க அரசு 2025 ஜூலை 14 அன்று விலகிக்கொண்டு, மெக்சிகோ தக்காளியில் பெரும்பாலானவற்றின் மீது 17.09 விழுக்காடு வரி விதித்தது.

தக்காளிக்கும் இறக்குமதி வரிக்கும் அந்நாட்டில் பழைய உறவு உண்டு. 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குமதியாகும் காய்கறிக்கு 10 விழுக்காடு வரி. பழத்துக்கு வரி இல்லை. தக்காளி பழமே என்று நியூயார்க் வணிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். தாவரவியல்படி அது பழம்தான். எனினும் மக்கள் அதனை உணவோடு காய்கறியாகவே உண்கின்றனர், ஆகவே வரி உண்டு என்று 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வரி 17 விழுக்காடு என்றால் கடை விலையும் 17 விழுக்காடு ஏறும் என்று பொருளன்று. வரி, எல்லையைக் கடக்கும்போது சரக்குக்கு உள்ள மதிப்பின் மீது விழுகிறது. அதன் பிறகு லாரிக் கூலி, குளிர்பதனம், அழுகிக் கழியும் பங்கு, கடை வாடகை, கடைக்காரர் ஊதியம் ஆகியவை சேர்ந்தே கடை விலை அமைகிறது. எடுத்துக்காட்டாக, எல்லையில் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தக்காளியின் மதிப்பு 1 டாலர் என்றும், கடையில் அது 2 டாலர் என்றும் கொள்வோம். 17 சென்ட் வரி முழுவதும் வாங்குவோர் தலையில் விழுந்தாலும் ஏற்றம் 8 அல்லது 9 விழுக்காடே.

இந்தக் கணக்கை நாங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலை ஏறிய செய்தி காதில் விழுந்ததும் புதிய தக்காளியை அறவே நிறுத்திவிட்டு டப்பாவுக்கும் புட்டிக்கும் மாறும் குடும்பம், சில சென்ட்டுகளை மிச்சப்படுத்தி உடலுக்குப் பெரிய செலவை வைத்துவிடுகிறது.

டப்பாவுக்குள் இருக்கும் கணக்கு

100 கிராம் புதிய தக்காளியில் உள்ள சோடியம் சுமார் 5 மில்லிகிராம் மட்டுமே. உப்புச் சேர்த்து அடைத்த டப்பாத் தக்காளியில் அரைக் கோப்பைக்குச் சுமார் 200 மி.கி. இருப்பது வழக்கம். பாஸ்தாவுக்கென்று புட்டியில் விற்கும் ஆயத்தக் குழம்பில் அரைக் கோப்பைக்கு 400 முதல் 500 மி.கி. வரை காணலாம். தக்காளி கெச்சப் ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் சுமார் 150 மி.கி. உண்டு.

அந்த அம்மையாருக்கு டப்பாவின் வழியே நாளொன்றுக்கு 200, இரவுக் குழம்பின் வழியே 450 என்று கொண்டால், கூடுதலாகச் சேர்ந்தது 650 மி.கி. சோடியம். இது ஒன்றரை கிராமுக்கும் சற்று மேற்பட்ட சமையல் உப்புக்குச் சமம். பெரியவர்கள் ஒரு நாளில் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியத்தையே, அதாவது 5 கிராமுக்குக் குறைவான உப்பையே கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. அந்த அளவில் மூன்றில் ஒரு பங்கு, அவர் அறியாமலே சேர்ந்திருக்கிறது. டப்பாவில் உப்பு இருப்பதை அறியாமல் ரசத்துக்கு வழக்கமான உப்பையும் போட்டிருக்கிறார்கள். நலமான சிறுநீரகம் இதனைப் பெருமளவு வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகமும் தளர்ந்த இதயமும் அவ்வாறு செய்ய இயலாமல், உப்போடு நீரையும் உடலில் தேக்கிவைக்கின்றன. வீக்கமும் மூச்சுத் திணறலும் அதன் விளைவுகள்.

டப்பாத் தக்காளியை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. 'நோ சால்ட் ஆடட்' என்று அச்சிட்ட, உப்புச் சேர்க்காத டப்பாக்களும் அதே கடையில், பெரும்பாலும் அதே விலையில் கிடைக்கின்றன. அமெரிக்க உணவுப் பொருள்களின் மேலட்டையில் சோடியத்தின் அளவும் நாள் அளவில் அது எத்தனை விழுக்காடு என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். 5 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே இருந்தால் குறைவு. 20 அல்லது அதற்கு மேலே இருந்தால் மிகுதி. இந்த இரண்டு எண்களை நினைவில் கொண்டால் போதும்.

சிறுநீரக நோயாளிகள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்பைக் குறைத்த சில பொருள்களில் அதற்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும்படி அறிவுறுத்தப்பட்டவர்களுக்கு அது ஆபத்தானது. தக்காளியிலேயே 100 கிராமுக்குச் சுமார் 240 மி.கி. பொட்டாசியம் உண்டு, நீர் வற்றக் காய்ச்சிய தக்காளி பேஸ்ட்டில் அது சுமார் 1,000 மி.கி. ஆகிவிடுகிறது. நால்வருக்கு வைக்கும் ரசத்தில் போடும் ஒரு தக்காளியால் பெரும்பாலோர்க்குத் தீங்கு இல்லை. பேஸ்ட்டைக் கரண்டி கரண்டியாகப் போட்டுச் செய்யும் குழம்பு வேறு. எவ்வளவு கொள்ளலாம் என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தக்காளி விதை சிறுநீரகக் கல்லாக மாறும் என்ற அச்சத்தால் தக்காளியையே விட்டவர்களும் எங்களிடம் வருகிறார்கள். விதை கல்லாவதில்லை. கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் தக்காளியில் குறைவு. பசலைக் கீரையில்தான் மிகுதி. கல் வராமல் காப்பதில் முதலிடம் போதிய நீருக்கும், அடுத்த இடம் உப்பைக் குறைப்பதற்கும் உரியது.

வீட்டில் வளர்க்கலாமா?

விலை ஏறும்போதெல்லாம் மக்கள் மண்ணை நாடுவது இயல்பு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர்கள் வீட்டு முற்றங்களில் சுமார் 2 கோடித் தோட்டங்கள் அமைத்ததாகக் கூறுவர். வெற்றித் தோட்டங்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றில் விரும்பி வளர்க்கப்பட்டவற்றுள் தக்காளியும் ஒன்று.

வளர்க்கும் முறை எளிது. ஒரு செடிக்குச் சுமார் 20 லிட்டர் கொள்ளும், அடியில் துளையிட்ட தொட்டி ஒன்று போதும். நாள்தோறும் 6 முதல் 8 மணி நேர வெயில் வேண்டும். நாற்றை நடும்போது தண்டின் கீழ்ப்பகுதியையும் மண்ணுக்குள் புதைத்தால் அதிலிருந்தும் வேர் பிடிக்கும். நட்ட 60 முதல் 80 நாட்களில் காய் பழுக்கத் தொடங்கும். ஒரு நாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் நீர் விட்டால் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். அளவாகவும் ஒழுங்காகவும் நீர் விடுவதே அதற்கு மருந்து. அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் உறைபனி நின்ற பிறகே நட வேண்டும். டெக்சாஸ் போன்ற வெப்பப் பகுதிகளிலும் நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் இரவு வெப்பம் குறையாதபோது பூக்கள் உதிர்ந்துவிடும். அது உங்கள் பிழையன்று.

முதல் ஆண்டில் தொட்டி, மண், உரம் ஆகியவற்றின் செலவைக் கூட்டினால் பணம் மிச்சமாகும் என்று நாங்கள் உறுதி கூற மாட்டோம். இரண்டு தொட்டிகளால் ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தேவை நிறைவேறாது. ஆனால் கையெட்டும் தூரத்தில் பழுத்த பழம் இருக்கும் வீட்டில் டப்பாவைத் திறக்கும் கை சற்றுத் தயங்கும்.

மண்ணைத் தொடுமுன் அறிய வேண்டியவை

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்களும் மண் மூட்டையைப் பிரிப்பதையும் கிளறுவதையும் வீட்டில் மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். தொட்டிக் கலவையிலும் மக்கிய உரத்திலும் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகளும் லெஜியோனெல்லா வகைக் கிருமிகளும் இருக்கக்கூடும். செடி வளர்ந்த பின் கையுறையும் முகக்கவசமும் அணிந்து பராமரிக்கலாம்; பின்னர்ச் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஃபிஸ்டுலா உள்ள கையால் தொட்டியைத் தூக்கலாகாது. அந்தக் கையில் கீறல் படாமல் முழுக்கைச் சட்டை அணியுங்கள். வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்பவர்கள் குழாய் வெளிவரும் இடத்தை மூடிவைத்து, தோட்ட வேலை முடிந்து கைகளைத் தூய்மை செய்த பிறகே திரவம் மாற்ற வேண்டும். நீரிழிவு நோயாளிகள் மொட்டைமாடியிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நடக்க வேண்டா. எல்லோரும் டெட்டனஸ் தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும்; நாள்தோறும் கவிழ்த்துவிடுங்கள். அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு இருந்திருக்கலாம். அத்தகைய சுவர்களின் ஓர மண்ணிலும் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், கடையில் வாங்கிய கலவையைத் தொட்டியில் இட்டு வளர்ப்பதே நல்லது. ஈயம் சிறு குழந்தைகளுக்கும் சிறுநீரகத்துக்கும் ஒருங்கே கேடு செய்வது.

நம் ஊருக்கும் இது பொருந்தும்

இங்கே விலையை ஏற்றுவது பெரும்பாலும் வரியன்று. வெயிலும் மழையும் பயிர் நோயும். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்ய நேர்ந்தது. அத்தகைய நாட்களில் தக்காளித் தொக்கும் ஆயத்த விழுதும் நம் சமையலறையிலும் இடம் பிடிக்கின்றன. விலை மலிந்த நாட்களில் தக்காளியை வாங்கி, கழுவி, உப்பிடாமல் அரைத்து ஃப்ரீஸரில் சிறு பங்குகளாக வைத்துக்கொள்ளுங்கள். தக்காளி இந்நாட்டுக்கு வருவதற்கு முன்பே நம் முன்னோர் ரசம் வைத்தார்கள். எலுமிச்சையும் சிறிதளவு புளியும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. மொட்டைமாடியில் வளர்க்க விரும்புவோர் ஆடிப்பட்டத்தில் பெரியகுளத்தின் பி.கே.எம். 1 வகையை நட்டுப் பார்க்கலாம்.

அந்த அம்மையாருக்குச் சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், இதயத்தின் இயக்கம் ஆகியவற்றைச் சோதித்தோம். புதிய கேடு எதுவும் இல்லை. மாத்திரை எதையும் கூட்டாமல் உப்பை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சொன்னோம். மூன்று வாரங்களில் வீக்கம் வடிந்து, ரத்த அழுத்தமும் இறங்கியது. மீண்டும் மகன் வீட்டுக்குச் செல்லும் முன் எங்கள் உணவியல் நிபுணரிடம் மேலட்டை படிக்கக் கற்றுக்கொண்டார். மகன் வீட்டுப் பால்கனியில் இப்போது இரண்டு தொட்டிகள் இருப்பதாகச் சொன்னார்.

நீங்களும் பயணம் புறப்படும் முன் எங்களைச் சந்தியுங்கள். திரும்பி வரும்போது, அங்கு அன்றாடம் பயன்படுத்திய டப்பாக்கள், புட்டிகளின் மேலட்டைகளைக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். மருந்துச் சீட்டைப் போலவே அவையும் எங்களுக்குப் பயன்படும்.