பிள்ளையை அடித்த கையோடு எங்கே போவது?

புத்தூரில் சங்கங்களுக்குக் குறைவில்லை. சனசமூக நிலையம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கோயில் நிர்வாகம் என்று எல்லாம் இருக்கின்றன. ஆனால் "நேற்று பிள்ளையைக் கண்மண் தெரியாமல் அடித்துவிட்டேன், என்னை நினைக்க எனக்கே பயமாக இருக்கிறது" என்று ஒரு தாய் வாய்விட்டுச் சொல்லக்கூடிய இடம் எனக்குத் தெரிய எங்கள் ஊரில் இல்லை.

அப்படியோர் இடம் வேண்டுமென்று கேட்டவரும் ஒரு தாய்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜொலி கே. என்று மட்டும் அறியப்பட்ட அவர், தன் மகளுக்குத் தன் கையாலேயே தீங்கு வந்துவிடுமோ என்று அஞ்சி உதவி தேடி அலைந்தார். குடியை விட நினைப்பவர்கள் 1935ஆம் ஆண்டிலிருந்து குழுவாகக் கூடிப் பேசுகிறார்களே, எங்களைப் போன்ற தாய்மாருக்கு ஏன் அது இல்லை என்பதே அவரது கேள்வி. அவருக்கு ஆலோசனை வழங்கிய சமூகப் பணியாளர் லெனார்ட் லீபர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. 1970ஆம் ஆண்டளவில் ஒருசில தாய்மாருடன் குழு தொடங்கியது. முதலில் தாய்மார் பெயரில் இருந்த அது, பின்னர் 'பேரன்ட்ஸ் அனொனிமஸ்' என்று பெற்றோர் எல்லோருக்கும் உரியதாகிப் பல மாநிலங்களுக்குப் பரவியது.

நடைமுறை எளிது. பெற்றோரில் ஒருவரே கூட்டத்தை நடத்துவார். பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருப்பார். கட்டணம் இல்லை. முழுப் பெயர் சொல்லத் தேவையில்லை. கூட்டம் இல்லாத நாளில் கோபம் தலைக்கேறினால் இன்னோர் உறுப்பினருக்குத் தொலைபேசி எடுக்கலாம். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி ஏற்பாடுதான் முக்கியம். கோபம் கூட்ட நாள் பார்த்து வருவதில்லை. லீசிங்காரன் வந்துபோன பின்னேரம், புருஷன் குடித்துவிட்டு வந்த இரவு என்று வருகிறது.

எங்கள் பெற்றோர் கூடத் தெரியாதவர்கள் அல்லர். 1984இல் இளைஞர்கள் கூட்டமாகக் கைதுசெய்யப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாகி, தாய்மார் கச்சேரிக்கே ஊர்வலமாகப் போனார்கள். தெற்கில் 1990இல் மாத்தறையில் சிங்களத் தாய்மார் அதே பெயரில் திரண்டார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. நீதி கேட்கப் போட்ட அந்தக் கொட்டகைகளில் ஒருவர் அழ மற்றவர் பக்கத்தில் இருந்தார். பிள்ளையின் முகம் காணாமலே இறந்துபோன பெற்றோரும் பலர்.

ஆனால் இவை எல்லாம் வெளியே இருந்து வந்த கொடுமைக்கு எதிரானவை. அங்கே தாய் தலைநிமிர்ந்து நிற்கலாம். வீட்டுக்குள் நடப்பதைச் சொல்ல அந்தத் தைரியம் போதாது.

1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்தபோது கைப்பிடித்து நடந்த பிள்ளைகள் இன்று பெற்றோர். வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஓர் ஆய்வு, போரை அதிகம் கண்ட பிள்ளைகளும் தகப்பன் குடிக்கும் வீட்டுப் பிள்ளைகளும்தான் வீட்டிலும் அதிகம் வன்முறையைச் சந்திக்கிறார்கள் என்று காட்டியது. போர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதைத்தான் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'சாந்திகம்' உளவளத்துணையில் பலரைப் பயிற்றுவித்திருக்கிறது. ஆகவே பக்கத்தில் இருக்கக்கூடிய பயிற்சி பெற்ற ஆட்கள் நம்மிடம் உண்டு.

தடை வேறு. சொன்ன கதை விடிவதற்குள் ஒழுங்கை முழுக்கப் போய்விடும் என்ற பயம் ஒன்று. 1929க்கு யாராவது அறிவித்துப் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் மற்றொன்று. முதலாவதற்கு வழி, ஒரே ஊராரை ஒரே குழுவில் சேர்க்காமல் விடுவது. புத்தூர்த் தாய் அச்சுவேலியில் இருக்கலாம், அச்சுவேலித் தாய் இங்கே வரலாம். இரண்டாவதை முதல் நாளே ஒளிக்காமல் பேசவேண்டும்: சொன்னது வெளியே போகாது, ஆனால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் சும்மா இருக்கமாட்டோம் என்று.

குழு அமையும்வரை காத்திருக்க முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். தகப்பன்மாருக்குக் கூட்டம் தனியாகவே வேண்டியிருக்கும். அதுவும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து முடிந்த பிறகு, தவறணைக்குப் போகும் நேரத்துக்கு முன்.