ஏ.ஐ. முதலில் சித்தூரில் தேர்வெழுதட்டும்

கேரளப் பள்ளிகளுக்குள் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2024-25 கல்வியாண்டிலேயே 7ஆம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் அது இடம்பிடித்தது. முகபாவங்களை அடையாளம் காணும் ஒரு நிரலை மாணவர்களே உருவாக்கிப் பார்க்கும்படி பாடம் அமைக்கப்பட்டது. 2024 மே மாதம், 8 முதல் 12ஆம் வகுப்பு வரை கற்பிக்கும் 80,000 ஆசிரியர்களுக்கான ஏ.ஐ. பயிற்சியை மாநில அரசின் ‘கைட்’ நிறுவனம் தொடங்கியது. பாராட்டத்தக்க வேகம்தான். ஆனால் பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால், ஒரு கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. இந்தக் கருவிகள் யாருடைய தமிழைக் கற்று வந்திருக்கின்றன?

முதலில் நன்மையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது கற்பனை அல்ல. டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கணினிவழிக் கற்றல் முறை சோதிக்கப்பட்டது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2019இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். பிள்ளைகள் பலர் தாங்கள் படிக்கும் வகுப்பின் தரத்துக்குச் சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தார்கள். வகுப்பறை பாடநூலின் வேகத்தில் போய்க்கொண்டிருக்க, இந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது. நாலரை மாதங்களில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆசிரியர் பற்றாக்குறை பழைய முறையீடாக இருக்கும் தோட்டப் பகுதிப் பள்ளிகளுக்கு, தொழிலாளர் லயங்களில் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு, இத்தகைய உதவி பெரிய வரம். ஆனால் அந்த ஆய்வில் இரண்டு விவரங்களைக் கவனிக்க வேண்டும். பாடங்கள் பிள்ளைகள் பேசும் இந்தியிலேயே இருந்தன. கணினியில் படித்த அதே அளவு நேரம் தினமும், அருகே நின்று சொல்லிக்கொடுக்க ஒரு மனிதரும் இருந்தார்.

இன்றைய ஏ.ஐ. மாதிரிகள் இணையத்தில் குவிந்திருக்கும் எழுத்தைக் கற்று உருவானவை. அந்தக் குவியலில் தமிழின் பங்கு மிகச் சொற்பம். ஆங்கிலமே ஏறக்குறைய பாதி. இருக்கும் கொஞ்சத் தமிழிலும் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. கேரளப் பாடத்திட்டம் பற்றி இணையத்தில் கிடைப்பதோ மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் அதிகம். ஆக, சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலோ பீருமேட்டின் வண்டிப்பெரியாறிலோ தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை இரண்டு பக்கமும் சிறுபான்மை. தமிழில் கேட்டால் தமிழ்நாட்டுச் சமச்சீர்ப் பாடத்தை ஒட்டிப் பதில் வர வாய்ப்பு அதிகம். கேரளப் பாடத்தை ஒட்டிய பதில் வேண்டுமென்றால் மொழி மாற வேண்டியிருக்கும். ஏ.ஐ. பாரபட்சம் என்றதும் சாதி, நிறம், பாலினம் பற்றிய இழிசொற்களையே நாம் நினைக்கிறோம். இங்கே நடப்பது வேறு. இந்தப் பிள்ளைகளை யாரும் இழிவுபடுத்தவில்லை, கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகளில் இது இன்னும் கடுமையாக வெளிப்படும். 2020இல் அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி கருவிகளைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 சொற்கள் பிழையாயின, கறுப்பினத்தவர் பேச்சில் 35. இருவரும் பேசியது ஆங்கிலம்தான். ஒரே மொழிக்குள்ளேயே இத்தனை வேறுபாடு என்றால், மலையாளம் கலந்து பேசும் சித்தூர்த் தமிழையும் மூணாறு எஸ்டேட் தமிழையும் சென்னைக் குரலில் பழகிய ஒரு கருவி எப்படிக் கேட்கும்? வாசிப்புத் திறனை அளக்கும் செயலி, பிள்ளை சரியாக வாசித்ததையே தவறு என்று குறித்துவிடும். அட்டப்பாடியின் இருளர், முதுகர், குறும்பர் பிள்ளைகளுக்கும் இடமலைக்குடியின் முதுவர் பிள்ளைகளுக்கும் நிலைமை இதைவிட மோசம். அவர்கள் வீட்டில் பேசும் மொழிகள் இத்தகைய கருவிகள் பெரும்பாலானவற்றின் பட்டியலிலேயே இல்லை.

இத்தகைய குறை ஏன் வெளியே தெரிவதில்லை? சராசரி அதை மறைத்துவிடுகிறது. நூறு மாணவரில் ஒருவர் தமிழ் வழி என்று வைத்துக்கொள்வோம். மற்ற 99 பேருக்கு ஒரு கருவி 95 விழுக்காடு சரியாகவும், அந்த ஒருவருக்கு 60 விழுக்காடு மட்டுமே சரியாகவும் வேலை செய்கிறது. மொத்தத் துல்லியம் 94.65 என்று வரும். அறிக்கையைப் படிக்கும் அதிகாரிக்கு அதில் ஒரு குறையும் தென்படாது.

தவறான விளக்கம் தந்தால் ஆசிரியர் திருத்திவிடலாம். மதிப்பெண் போடவும் குற்றம் சாட்டவும் கருவி தொடங்கினால் பாதிப்பு பிள்ளையின் வாழ்க்கையைத் தொடுகிறது. 2020இல் கோவிட் காரணமாகத் தேர்வு நடக்காத இங்கிலாந்தில், பள்ளியின் முந்தைய தேர்ச்சியை வைத்து ஒரு கணிப்பு முறை மதிப்பெண் வழங்கியது. ஆசிரியர்கள் மதிப்பிட்டதில் ஏறத்தாழ 40 விழுக்காடு தரங்கள் கீழே இறங்கின. பின்தங்கிய பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை, பள்ளியின் பழைய பெயருக்குப் பலியானது. பிள்ளைகள் குறைவாக உள்ள தனியார் பள்ளி வகுப்புகள் தப்பின. எதிர்ப்பு வலுத்து ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கியது. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ‘இது ஏ.ஐ. எழுதியது’ என்று கண்டுபிடிக்கும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேல் இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகக் கூறின.

பெற்றோர் பலர் ஆங்கில வழிக்கு மாறிக்கொண்டிருக்க, தமிழ் வழிக்காக ஏன் இவ்வளவு கவலை என்று சிலர் கேட்கலாம். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வே அதற்குப் பதில். வகுப்பின் பலகையை மாற்றினாலும் வீட்டுமொழி மாறுவதில்லை, கருவியின் சந்தேகமும் விலகுவதில்லை. தொழில்நுட்பம் தானாகவே திருந்திவிடும் என்பது இன்னொரு வாதம். அதில் பாதி உண்மை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏ.ஐ.4பாரத்’ குழு 22 இந்திய மொழிகளுக்கு உழைத்தது போன்ற முயற்சிகளால்தான் தமிழ் இந்த அளவுக்காவது முன்னேறியது. யாரோ குரல்களைச் சேகரித்தார்கள், யாரோ திருத்தினார்கள். எல்லைப்புறப் பேச்சுக்கும் யாராவது அதைச் செய்தாக வேண்டும். மனித ஆசிரியருக்கும் பாரபட்சம் உண்டே என்பது நியாயமான மூன்றாவது கேள்வி. உண்டு. ஆனால் அவரிடம் பெற்றோர் நேரில் போய்க் கேட்கலாம், அடுத்த ஆண்டு வேறு ஆசிரியர் வருவார். ஒரு கருவியின் தவறோ எல்லாப் பள்ளியிலும் ஒரே நேரத்தில் நடக்கும், அதனிடம் விளக்கம் கேட்க ஒரு முகம் இருக்காது.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. அதே ஆண்டு அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்யும் பொறுப்பை மாநிலங்களிடம் வைக்கிறது. அந்த வசதி என்பது கட்டடமும் பாடநூலும் மட்டும் அல்ல என்பதைக் கேரளமே காட்டியிருக்கிறது. 2020இல் ‘ஃபர்ஸ்ட் பெல்’ இணைய வகுப்புகள் தொடங்கியபோது தமிழ் வழிக்கும் வகுப்புகள் தயாராயின. இப்போது செய்ய வேண்டியதும் கைக்கெட்டும் வேலைதான். எஸ்.எஸ்.எல்.சி.யின் பழைய தமிழ் வினாத்தாள்கள் அரசிடம் இருக்கின்றன. ஒரு கருவியை வாங்குமுன் அவற்றைக் கொடுத்து விடை எழுதச் சொல்லி, சித்தூரிலும் மூணாறிலும் தமிழ் வழியில் கற்பிக்கும் ஆசிரியர்களைத் திருத்தவைத்து, மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என ஒவ்வொரு வழிக்கும் முடிவைத் தனித்தனியே வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் கைக்கு வரும்வரை, தமிழ் வழிப் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தும் வேலையை எந்தக் கருவியிடமும் ஒப்படைக்கக் கூடாது.