"பிடிக்கவில்லை என்றால் ஊருக்குப் போ": ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் வாய் திறந்தால் என்ன நடக்கிறது?

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஜப்பானின் யோக்கோஹாமா நகரிலுள்ள ஒரு வட்டார அலுவலகம் ஒரு கடல்நாய்க்குக் குடியிருப்புச் சான்றிதழ் வழங்கியது. வழிதவறி ஆற்றுக்குள் வந்துவிட்ட அந்தக் கடல்நாய்க்கு மக்கள் 'தமா-சான்' என்று செல்லப்பெயர் சூட்டியிருந்தனர். அதற்குக் கௌரவக் குடியிருப்பாளர் தகுதி கொடுத்தது விளையாட்டான ஓர் அன்பின் வெளிப்பாடுதான்.

ஆனால் அந்நகரில் வாழ்ந்த வெளிநாட்டவர்களுக்கு அது சுருக்கென்று தைத்தது. அப்போதிருந்த சட்டப்படி வெளிநாட்டவர் எவருடைய பெயரும் குடியிருப்புப் பதிவேட்டில் இடம்பெறாது. ஜப்பானியரை மணந்து, அங்கேயே பிள்ளை பெற்று, ஒழுங்காக வரி கட்டி வந்தவர்களுக்கும் அதே நிலைதான். அவர்களில் ஒரு சிறு குழுவினர் முகத்தில் கடல்நாய் மீசை வரைந்துகொண்டு தெருவில் இறங்கினர். "கடல்நாய்க்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் இல்லை?" என்பதே அவர்களின் கேள்வி.

2012 ஜூலையில் சட்டம் மாறியது. வெளிநாட்டவர் பெயர்களும் குடியிருப்புப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. எனினும் அந்த ஊர்வலம் எழுப்பிய பெரிய கேள்வி இன்னும் தீரவில்லை. ஒரு நாட்டில் குடியிருக்கும் வெளிநாட்டவர் அந்நாட்டுச் சமுதாயத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா? சொன்னால் யார் கேட்பார்கள்? ஜப்பானில் இந்தக் கேள்வி தேர்தல் மேடை வரை வந்துவிட்ட நிலையில், அதன் பின்னணியை அறிந்துகொள்வது பயனுள்ளது.

யார் இந்த வெளிநாட்டவர்?

2024-ஆம் ஆண்டு இறுதிக் கணக்குப்படி ஜப்பானில் வசிக்கும் வெளிநாட்டவர் ஏறக்குறைய 37 லட்சத்து 70 ஆயிரம் பேர். மொத்த மக்கள்தொகையில் இது நூற்றுக்கு மூவர் என்ற அளவு. சீனா, வியட்நாம், தென்கொரியா, பிலிப்பீன்ஸ், நேப்பாளம் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்களே அதிகம்.

இவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். கொரிய வம்சாவளியினரில் பலர் மூன்றாம், நான்காம் தலைமுறையினர். ஜப்பானியப் பேரரசின் ஆட்சிக்காலத்தில் அவர்களின் பாட்டன்மார் பேரரசின் குடிமக்களாகவே கருதப்பட்டனர். 1952-இல் சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது அந்தக் குடியுரிமை போய்விட்டது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, ஜப்பானிய மொழியையே தாய்மொழிபோல் பேசுகிறவர்களும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

1990-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பிரேசிலிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் தொழிற்சாலை வேலைக்கு வந்தனர். அதன்பின் பயிற்சித் தொழிலாளர், மாணவர், தகவல் தொழில்நுட்பப் பணியாளர் எனப் பலரும் வந்தனர். தோக்கியோவின் எடொகாவா வட்டாரத்தில் இந்தியர்கள் திரளாக வாழும் நிஷிகசாய் பகுதி அப்படி உருவானதே. அந்த வட்டார மன்றத்துக்கு 2019-இல் இந்தியாவில் பிறந்து ஜப்பானியக் குடியுரிமை பெற்ற யோகேந்திர புராணிக் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குடியுரிமை பெற்றதால்தான் அவரால் போட்டியிட முடிந்தது. நிரந்தரக் குடியிருப்புத் தகுதி மட்டும் உள்ளவர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்கில்லை, உள்ளூர்த் தேர்தலிலும் வாக்கில்லை. உள்ளூர்த் தேர்தலில் வாக்குரிமை தருவதை அரசமைப்புச் சட்டம் தடுக்கவில்லை என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. அதற்கான சட்டம் இன்றுவரை நிறைவேறவில்லை.

பேச்சுரிமை உண்டு, ஆனால்...

வெளிநாட்டவரின் பேச்சுரிமை குறித்து ஜப்பானில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது மெக்லீன் வழக்கு. ரொனால்ட் மெக்லீன் என்ற அமெரிக்கர் 1969-இல் ஆங்கில ஆசிரியராக ஜப்பானுக்கு வந்தார். வியட்நாம் போரை எதிர்க்கும் கூட்டங்களில் கலந்துகொண்டார். மறு ஆண்டு அவரது விசா நீட்டிப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முன்னறிவிப்பின்றி வேலை மாறியதும் அரசியல் நடவடிக்கையில் ஈடுபட்டதும் காரணங்களாகக் கூறப்பட்டன.

கீழ் நீதிமன்றத்தில் வென்ற மெக்லீன் மேல்முறையீட்டில் தோற்றார். 1978-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு பகுதிகளாகத் தீர்ப்புச் சொன்னது. குடிமக்களுக்கு மட்டுமே உரிய உரிமைகள் தவிர, மற்ற அடிப்படை உரிமைகள் வெளிநாட்டவருக்கும் உண்டு என்பது முதல் பகுதி. ஆனால் அந்த உரிமைகள் விசா முறையின் வரம்புக்கு உட்பட்டவை, விசாவைப் புதுப்பிக்கும்போது அவரது நடவடிக்கைகளை அமைச்சர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாம் பகுதி.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. பேசியதற்காக யாரும் சிறையில் அடைக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த முறை விசா புதுப்பிக்கப்படுமா என்பது அதிகாரியின் விருப்புரிமையில் உள்ளது. வேலை, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாமே அந்த விசாவை நம்பியிருக்கும்போது, பலர் பேசாமலிருப்பதே நல்லது என்று முடிவு செய்துவிடுகின்றனர்.

ஒத்தாரு குளியலகமும் நீதிமன்றமும்

எல்லாரும் பேசாமலிருக்கவில்லை. 1998-இல் ஹமாமட்சு நகரில் ஒரு நகைக்கடையிலிருந்து வெளியேறும்படி சொல்லப்பட்ட பிரேசிலியச் செய்தியாளர் ஆனா போர்ட்ஸ் வழக்குத் தொடுத்தார். இனப்பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக உடன்படிக்கையில் ஜப்பான் 1995-இல் இணைந்திருந்தது. அந்த உடன்படிக்கையை அளவுகோலாகக் கொண்டு 1999 அக்டோபரில் நீதிமன்றம் அவருக்கு 15 லட்சம் யென் இழப்பீடு வழங்கியது.

அதே ஆண்டில் ஹொக்காய்டோ தீவின் துறைமுக நகரான ஒத்தாருவில் இன்னொரு விவகாரம் வெடித்தது. அங்கே சில வெந்நீர்க் குளியலகங்கள் 'ஜப்பானியருக்கு மட்டும்' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தன. கப்பலில் வரும் ரஷ்ய மாலுமிகள் குடித்துவிட்டு வருகிறார்கள், குளியல் முறைகளை மதிப்பதில்லை, அதனால் வழக்கமான வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்துகிறார்கள் என்பது உரிமையாளர்களின் வாதம்.

அமெரிக்காவில் பிறந்து ஹொக்காய்டோவில் விரிவுரையாளராக இருந்த டேவிட் ஆல்ட்விங்கிள் தம் குடும்பத்தோடும் நண்பர்களோடும் அங்கே சென்றபோது தடுக்கப்பட்டார். அவர் மனைவி ஜப்பானியர். இரண்டு மகள்களில் ஜப்பானியச் சாயலில் இருப்பவரை உள்ளே விடலாம், மற்றவரை விட முடியாது என்று அவர்களிடம் கூறப்பட்டது. இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், இருவரும் ஜப்பானியக் குடிமக்கள்.

2000-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று அருதோ தெபித்தோ என்று பெயர் மாற்றிக்கொண்ட அவர், மீண்டும் அந்தக் குளியலகத்துக்குச் சென்றார். குடியுரிமைக்கான சான்றைக் காட்டியும் அனுமதி கிடைக்கவில்லை. அவரைப் பார்த்தால் வெளிநாட்டவர்போல் இருக்கிறது, மற்ற வாடிக்கையாளர்கள் தவறாக நினைப்பார்கள் என்பதே காரணம்.

2001-இல் அவரும் மேலும் இருவரும் சப்போரோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. தொல்லை தருபவரை வெளியேற்ற உரிமையாளருக்கு வழியுண்டு. ஆனால் வெளிநாட்டவர் அனைவரையும் ஒட்டுமொத்தமாகத் தடுப்பது சமுதாயம் ஏற்கும் எல்லையைக் கடந்தது என்று நீதிமன்றம் கூறியது. மூவருக்கும் தலா 10 லட்சம் யென் வழங்க உத்தரவிட்டது.

ஆனால் பாகுபாட்டைத் தடுக்கத் தவறியதற்காக நகராண்மையையும் பொறுப்பாக்க வேண்டும் என்ற கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. ஆக, பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறலாம், ஆனால் அத்தகைய பலகையையே குற்றமாக்கும் தேசியச் சட்டம் கிடையாது. இன்றும் அதே நிலைதான். 2016-இல் வந்த வெறுப்புப் பேச்சுத் தடுப்புச் சட்டத்திலும் தண்டனைப் பிரிவு இல்லை. கவாசாக்கி நகரம் மட்டும் முன்வந்து 2019-இல் தனி விதி இயற்றி, திரும்பத் திரும்பத் தவறு செய்வோருக்கு 5 லட்சம் யென் வரை அபராதம் என்று அறிவித்தது.

வெளிநாட்டவருக்குள்ளேயே இரு கருத்து

அருதோ பின்னர் ஆங்கில நாளேடான ஜப்பான் டைம்ஸில் பத்தி எழுதினார். பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவரிடமும் "உணவுக்குச்சியை நன்றாகப் பிடிக்கிறீர்களே" என்று பாராட்டுவது, நீ எப்போதும் விருந்தாளிதான் என்று நினைவூட்டும் செயல் என 2012-இல் அவர் எழுதியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

அதற்கு எதிர்ப்பு ஜப்பானியரிடமிருந்து மட்டும் வரவில்லை. சக வெளிநாட்டவர் பலரும் எதிர்த்தனர். அது வெறும் உபசாரப் பேச்சு, அன்போடு சொல்வதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது, பொறுமையாக மொழி கற்று ஊரோடு ஒன்றி வாழ்ந்தால் மதிப்புத் தானாக வரும் என்பது அவர்களின் வாதம். தெருவில் பயமின்றி நடக்க முடிகிறது, மருத்துவக் காப்புறுதி அனைவருக்கும் கிடைக்கிறது, தவறவிட்ட பணப்பையும் திரும்பி வருகிறது என்று அந்நாட்டின் நல்லவற்றையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. பழகும் மனிதர்கள் நல்லவர்களாக இருப்பது ஒன்று, சட்டம் பாதுகாப்பாக இருப்பது வேறொன்று. ஜப்பானிய நீதி அமைச்சின் 2016-ஆம் ஆண்டு ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறக்குறைய 39 விழுக்காட்டினர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகத் தெரிவித்தனர். 2020-இல் கோவிட் பரவியபோது, வெளியூர் சென்றிருந்த ஜப்பானியர் நாடு திரும்ப முடிந்தது. நிரந்தரக் குடியிருப்பாளர் உட்பட வெளிநாட்டவர் பலர் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாமல் தவித்தனர்.

2025-இல் மாறிய காற்று

2025 ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில், 'ஜப்பானியருக்கே முதலிடம்' என்ற முழக்கத்தோடு களமிறங்கிய சன்செய்தோ கட்சி 14 இடங்களை வென்றது. விலைவாசி உயர்வு, சுற்றுப்பயணிகள் நெரிசல் ஆகியவற்றால் எழுந்த சலிப்பு வெளிநாட்டவர் பக்கம் திரும்பியது. வெளிநாட்டவரால் குற்றம் பெருகிவிட்டது என்ற பேச்சும் பரவியது.

புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறது. வெளிநாட்டவர் தொடர்பான குற்ற வழக்குகள் 2005-இல் உச்சத்தைத் தொட்டன. அப்போது அவர்களின் எண்ணிக்கை சுமார் 20 லட்சம். 2023-இல் அது 34 லட்சமாக உயர்ந்தபோதும் வழக்குகள் 2005-இல் இருந்ததில் பாதிக்கும் குறைவாகவே இருந்தன. அண்மைய ஆண்டுகளில் சிறிது ஏற்றம் காணப்படுவதும் உண்மையே.

அக்டோபரில் தக்காய்ச்சி சனாயே அந்நாட்டின் முதல் பெண் பிரதமரானார். வெளிநாட்டவர் கொள்கைக்கென ஓர் அமைச்சருக்குப் பொறுப்பும் கொடுத்தார். அதே மாதம், வணிக விசாவுக்குத் தேவையான மூலதனம் 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக உயர்ந்தது. வேண்டுமென்றே வரியும் காப்புறுதிச் சந்தாவும் கட்டாதவரின் நிரந்தரக் குடியிருப்புத் தகுதியை ரத்து செய்ய வழிவகுக்கும் சட்டம் 2024-இலேயே நிறைவேறிவிட்டது.

இன்னொரு பக்கம், 2024-இல் ஜப்பானில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் சுமார் 6 லட்சத்து 86 ஆயிரம் மட்டுமே. 7 லட்சத்துக்குக் கீழே இறங்கியது அதுவே முதல் முறை. அதே ஆண்டில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 23 லட்சமாகப் பெருகினர். முதியோர் இல்லத்திலும் கட்டுமானத் தளத்திலும் வயலிலும் அவர்கள் இல்லாமல் வேலை நடக்காது. எந்தத் தேர்தலில் அதிகம் பேசப்பட்டார்களோ, அந்தத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

போக நினைப்பவர்கள் அறிய வேண்டியவை

1982-இல் தொடங்கிய கிழக்கை நோக்கும் கொள்கை முதல் மலேசிய மாணவர்கள் ஜப்பானுக்குச் சென்று வருகின்றனர். படிப்புக்கோ வேலைக்கோ பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர் சிலவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் குடியிருப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். வீடு மாறினால் 14 நாளுக்குள் நகராண்மை அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியச் சந்தா, வரி ஆகியவற்றின் ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் விசாவும் நிரந்தரத் தகுதியும் இவற்றைப் பொறுத்தே அமையலாம். வாடகைக்கு வீடு எடுக்க உத்தரவாதம் தருபவரோ உத்தரவாத நிறுவனமோ தேவைப்படும். பாகுபாட்டுக்கு ஆளானால் நீதி அமைச்சின் மனித உரிமை ஆலோசனைச் சேவையைப் பல மொழிகளில் நாடலாம்.

ஜப்பானைப் பற்றிக் குறை சொல்லும் வெளிநாட்டவருக்கு அடிக்கடி கிடைக்கும் பதில், "பிடிக்கவில்லை என்றால் ஊருக்குப் போ" என்பது. அந்த வார்த்தை தோட்டத்திலும் பட்டணத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த நம்மவர்களின் காதுக்கும் புதிதல்ல. ஒத்தாருவின் இரு சிறுமிகளுக்கும் கொரிய வம்சாவளியின் மூன்றாம் தலைமுறைக்கும் அதே பதிலைச் சொன்னால், அவர்கள் திரும்பிப் போக வேண்டிய ஊர் எது? அவர்கள் பிறந்த ஊர் ஜப்பானில்தானே இருக்கிறது.