மரமுடிகளின் மேலே ஒரு பாதை

காட்டிற்குட் சென்று வந்தோம் என்று நாம் சொல்வதுண்டு. உண்மையில் நாம் கண்டு மீள்வது காட்டின் அடித்தளத்தை மட்டுமே. அடர்ந்த மழைக்காட்டில் கதிரவன் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே தரையை எட்டுகின்றது. எஞ்சியதை மேலேயுள்ள இலைப்பந்தர் கவர்ந்துகொள்கின்றது. பூவும் காயும் அங்கேதான். அவற்றை நாடும் பறவையும் வண்டும் குரங்கும் அங்கேதான். கழுத்து நோவ அண்ணாந்து பார்ப்பவருக்கு இலைகளின் அடிப்புறமே காட்சி.

இக்குறையை நீக்கவே மரமுடிகளினூடே பாலம் அமைக்கும் வழக்கம் எழுந்தது. சிங்கப்பூரில், மக்ரிச்சி நீர்த்தேக்கத்தை அடுத்த காட்டில், 2004 ஆம் ஆண்டு அத்தகைய தொங்குபாலம் ஒன்று திறக்கப்பெற்றது. இரு மேடுகளை இணைக்கும் அதன் நீளம் 250 மீட்டர். நடுவிலுள்ள பள்ளத்தின்மேல் அது தரையினின்று 25 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றது. ஒடுங்கிய பாலமாதலின் ஒரு திசையிலேயே நடத்தல் வேண்டும். பலர் கம்பியை இறுகப் பற்றியவாறு விரைந்து கடந்து, மறுகரையில் பெருமூச்செறிகின்றனர். அத்துணை தூரம் காட்டுவழி நடந்து வந்தவர் இரண்டு நிமிடம் நிற்கலாகாதா? நின்றால், தம் காலுக்குக் கீழே பறவை பறப்பதைக் காண்பர்; கிளைக்கவட்டில் மண்ணின்றி வேரூன்றிய பன்னங்களையும் காண்பர்.

வட்டகொடையிலுள்ள நேயர் ஒருவர், "அதற்குக் கடல் கடந்து போக வேண்டுமோ?" என்று வினவலாம். வேண்டியதில்லை. வட்டகொடையிலிருந்து புகைவண்டிப் பாதை கிரேட் வெஸ்டர்ன், நானுஓயா வழியாக மேலேறிப் பட்டிப்பொலையை அடைகின்றது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்திலுள்ள அந்நிலையமே இலங்கையின் மிக உயர்ந்த புகைவண்டி நிலையம். அதற்கும் மேலே விரிந்து கிடக்கின்றது, 1988 இல் தேசியப் பூங்காவாக்கப்பெற்ற ஹோட்டன் சமவெளி. அங்கே பாலம் இல்லை. ஆயினும் குளிரும் காற்றும் மூடுபனியும் மரங்களை ஓங்கவிடாது குறுக்கிவிட்டன. இலைகள் சிறுத்துத் தடித்துள்ளன. கிளைகள் முறுக்குண்டு கிடக்கின்றன. தாழ்நிலக் காட்டில் 25 மீட்டர் ஏறிக் காண வேண்டிய பாசியும் பன்னமும் ஆர்க்கிட்டும் இங்கே நம் தோளுயரத்தில் தொங்குகின்றன! விடியற்காலையிற் செல்லுதல் நன்று. முற்பகல் முதிருமுன்பே மூடுபனி ஏறி, உலக முடிவு என்னும் பெருஞ்செங்குத்தின் விளிம்பை மறைத்துவிடும். அவ்விளிம்பினின்று நோக்குவோருக்குக் கீழுள்ள காடுகளின் முடி பச்சைக் கம்பளமாய்த் தோன்றும்.

அந்தப் பாசியை வெறும் அழகுப் பொருளென எண்ணற்க. மழை பெய்யாத நாளிலும், தவழ்ந்து வரும் முகில் இலையிலும் பாசியிலும் பட்டு நீர்த்துளியாகித் தரையில் இறங்குகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் தலைநிலம் இது. இங்குத் தோன்றும் அக்ரா ஓயாவே கொத்மலை ஓயாவின் தலையூற்று. 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையம் அந்த ஓயாவின் நீரைக் கொண்டதே.

கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் நம் மலைகளின் காடு பெரும்பாலும் அழிக்கப்பட்டது. 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டைக் காத்தல் வேண்டுமெனத் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873 இல் அறிவுறுத்தினார். உச்சிகளில் இன்று எஞ்சியிருப்பதற்கு அவ்வறிவுரையும் ஒரு காரணம். மரத்தைவிட்டு அரிதாகவே இறங்கும் மலைத்தேவாங்கு, அற்றுப்போயிற்றோ என ஐயுறப்பட்டபின், அக்காட்டிலேயே படம் பிடிக்கப்பெற்றது. 2010 இல் அச்செய்தி வெளியாயிற்று. அதே காட்டில் கீன மரம் முதலியன சில பத்தாண்டுகளாக நுனியிலிருந்து கருகி மடிந்து வருகின்றன. கீழே நின்று பார்ப்பவருக்கு அது எளிதிற் புலப்படாது. மேட்டிலேறி மரமுடிகளை நோக்கினால், பசுமையினிடையே சாம்பல் நிறக் கிளைகள் திட்டுத்திட்டாய்த் தெரியும்.