மணி பிளான்ட்டில் காசு எங்கே இருக்கிறது?

கொழும்பில் பல கடைகளில் காசு மேசைக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீரில் மணி பிளான்ட் கொடி நிற்பதைக் காணலாம். அதை வைத்தால் காசு சேரும் என்பது சிலருடைய நம்பிக்கை. இன்னும் சிலர், அதை விலைக்கு வாங்கக் கூடாது, அடுத்த வீட்டில் கேட்காமல் முறித்து வந்து வைத்தால்தான் பலன் என்பார்கள். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. கேட்காமல் எடுத்த பொருளில் பரக்கத் வரும் என்று ஒரு முஸ்லிம் வியாபாரி நினைக்கலாமா? ஆனால் இதே கொடியை வளர்த்து விற்றால் ஹலாலான காசு வரும். அதைப் பற்றித்தான் இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

எங்கள் ஒருகொடவத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்கலன் லொறிகளின் புகையும் தூசியும் ஒரு பக்கம், மாடிக்கு மேல் மாடி எடுத்த வீடுகள் மறுபக்கம். மண் முற்றம் உள்ள வீடு குறைவு. தெமட்டகொடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் இதே நிலைதான். அங்குள்ளவர்கள் கண்ணுக்குப் பச்சையாக ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், தொங்கும் கொடியும் ஏறும் கொடியும்தான் வழி. ஆகவே வாங்குவதற்கு ஆள் இருக்கிறது.

விதை வாங்கத் தேவையில்லை

மணி பிளான்ட்டுக்கு ஆங்கிலத்தில் 'சிலோன் கிரீப்பர்' என்றும் ஒரு பெயர் உண்டு. பெயர்தான் நம்முடையது. அதன் சொந்த ஊர் பசிபிக் கடலில் தஹிட்டிக்குப் பக்கத்திலுள்ள மூரியா தீவு. இது சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. தானாகப் பூப்பது மிக மிக அபூர்வம். பூப்பதற்குத் தேவையான ஹோர்மோனை உண்டாக்கும் மரபணுவில் உள்ள குறையே காரணம் என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே நாம் காணும் கொடிகள் யாவும் ஏதோ ஒரு கொடியிலிருந்து வெட்டி நட்டவையே. ஒரு நல்ல தாய்க்கொடிதான் இவ்வியாபாரத்தின் முதல்.

கணக்கைப் பாருங்கள். 20 கணு உள்ள கொடியை இரண்டிரண்டு கணுவாக வெட்டினால் 10 துண்டு. பூச்சாடிக்கு ஐந்து துண்டு வீதம் இரண்டு பூச்சாடி. ஒரே துண்டை நட்டால் அது ஒற்றை வாலாக நீளும், வாங்க வருபவர் திரும்பியும் பார்க்க மாட்டார். வெட்டும்போது கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். வேர் வருவது கணுவிலிருந்துதான். கணு இல்லாத துண்டு எத்தனை நாள் தண்ணீரில் நின்றாலும் கொடியாகாது. ஈரமான தும்புச்சோற்றில் கணுவைப் புதைத்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும்.

நனைந்த தானியம்

இங்குதான் வியாபாரியின் சோதனை. காலையில் வெட்டிய துண்டுகளைப் பூச்சாடியில் நெருக்கிக் குத்தி அன்று மாலையே விற்பவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு அடர்த்தியாக இருக்கும். ஒரு வாரம் வாடாது. அதன்பின் அழுகினால், வாங்கிய பெண்மணி தன் கைராசி சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். விற்றவரைக் குறை சொல்ல மாட்டார், ஆனால் திரும்பவும் வர மாட்டார்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததும், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவ்வியாபாரியைக் கண்டித்ததும் நாம் அறிந்த சம்பவம். வேரில்லாத கொடியும் அந்த நனைந்த தானியம்தான். கொடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வர மறுத்தால் வேர் இருக்கிறது. புதிதாக ஓர் இலையும் விரிந்த பிறகு விற்பனைக்கு வையுங்கள். அந்த ஒன்றிரண்டு மாதப் பொறுமைக்குத்தான் விலை.

விலையைக் கூட்டுவதற்கும் நேர்மையான வழி உண்டு. இக்கொடி தொங்கினால் இலை சிறுக்கும், ஏறினால் பெருக்கும். பெரிய மரங்களில் ஏறிய கொடியின் இலை முறம் போல் விரிந்து கிழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பீ.வீ.சீ. குழாயில் தென்னந்தும்பைச் சுற்றிக் கட்டி, அதை ஈரமாக வைத்துக் கொடியை ஏற்றுங்கள். வெளிநாட்டுப் பாசி வாங்கத் தேவையில்லை. தும்பு நம் நாடே ஏற்றுமதி செய்யும் பொருள்.

ஒவ்வொரு பூச்சாடியுடனும் ஒரு துண்டுக் காகிதம் கொடுங்கள். மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். இக்கொடி தண்ணீர் குறைந்து சாவதை விடக் கூடிச் சாவதே அதிகம். இலையில் தூசி படிந்தால் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மஞ்சள், வெள்ளைக் கோடுள்ள வகைகள் இருட்டில் வைத்தால் பச்சையாகிவிடும். கீழ்த்தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. போத்தல் தண்ணீரை ஒரு வாரம் போக விடாமல் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும். இலையைக் கடித்தால் பச்சைச் சேம்பைப் போல் வாய் எரியும். ஆதலால் சிறு பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். இவற்றை மறைத்து விற்பதும் குறையை மறைப்பதுதான்.

வெட்டிய கழிவுகளைக் கால்வாயிலும் காட்டோரத்திலும் வீச வேண்டாம். கண்டி உடவத்தகெலே காட்டில் இக்கொடி தரையை மூடிப் படர்ந்து மரக்கன்றுகள் முளைக்க இடம் கொடுப்பதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை உள்ளவர்கள் முதலில் கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தனிமைப்படுத்தல் சேவையிடம் விசாரியுங்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தேவைப்படும். மண்ணோடு வரும் செடியைப் பல நாடுகள் ஏற்பதில்லை.

பெரிய முதல் இல்லாத சகோதரர்களும், வீட்டிலிருந்தே சம்பாதிக்க விரும்பும் சகோதரிகளும் ஒரு பல்கனியில் இதைத் தொடங்கலாம். இலை பார்ப்பவரைக் கடைக்குள் கூப்பிடும், வேர்தான் அவரைத் திரும்பக் கொண்டு வரும். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக.