பட்டுச்சேலை வியாபாரிகளே உஷார்! ஜி.எஸ்.டி. கணக்கு உங்க பேர்ல... ஓ.டி.பி. யார் கையில?

காஞ்சீபுரம்:-

பட்டுக்குப் பேர்போன காஞ்சீபுரத்தில் இப்போது பெரிய கடைக்காரர்கள் மட்டும் வியாபாரம் செய்யவில்லை. வீட்டில் நாலு சேலையை வைத்துக்கொண்டு வாட்ஸ்-அப்பில் போட்டோ அனுப்பி, கூரியரில் பார்சல் போடுகிறவர்களும் நிறைய பேர் வந்துவிட்டார்கள்.

வியாபாரம் கொஞ்சம் சூடு பிடித்ததும் வருகிற முதல் கேள்வி, ‘ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கா?’ என்பதுதான்.

உடனே பிரவுசிங் சென்டருக்கு ஓடுகிறார்கள். ஆதார், பான் கார்டு, போட்டோ எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ‘நீங்களே பார்த்து போட்டுடுங்க’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பதிவில் கொடுத்த செல்போன் நம்பர் யாருடையது, இ-மெயில் யாருடையது என்றுகூட பலருக்குத் தெரிவதில்லை.

சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கணக்கை யார் கம்ப்யூட்டரில் போட்டாலும், அபராதமும் நோட்டீசும் வருவது பான் கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்குத்தான்.

யாருக்கு வேண்டும்? யாருக்கு வேண்டாம்?

ஜி.எஸ்.டி. 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. தறி ஓட்டுகிற எல்லோருக்கும் இந்த நம்பர் தேவை இல்லை.

கூட்டுறவு சங்கத்துக்கோ, முதலாளிக்கோ கூலிக்கு நெய்து கொடுக்கும் நெசவாளியின் வருமானம் கூலிதான். இது சேவைக் கணக்கில் வரும். சேவைக்கு வருஷம் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. எனவே கூலி நெசவாளிக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

சொந்தமாகப் பட்டு வாங்கி, நெய்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே சேலை விற்பவருக்கு வரம்பு வருஷம் ரூ.40 லட்சம். இது லாபம் அல்ல, மொத்த விற்பனை. அதைத் தாண்டினால் 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு செய்யாமல் விட்டால் ரூ.10 ஆயிரம் அல்லது கட்டாத வரி, இரண்டில் எது அதிகமோ அது அபராதம்.

பெங்களூருக்கு பார்சல் போனால்?

வெளி மாநிலத்துக்கு விற்றால் கதை வேறு. அங்கே 40 லட்சம் வரம்பு பொருந்தாது. பொதுவாக முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும்.

கையால் செய்த கைவினைப் பொருட்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அந்தப் பட்டியலில் கைத்தறித் துணியும் இருக்கிறது. வருஷ விற்பனை ரூ.20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு இல்லாமலே வெளி மாநிலத்துக்கு அனுப்பலாம். ஆனால் பான் கார்டும், இ-வே பில்லும் கட்டாயம். விசைத்தறி சேலைக்கு இந்தச் சலுகை இல்லை. தன் சரக்கு இதில் வருமா என்று வணிகவரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பார்சலைக் கட்டுவது நல்லது.

ஆன்லைன் ஷாப்பிங் தளங்கள் மூலம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு, 2023 அக்டோபர் 1-ந் தேதி முதல் முழு பதிவு தேவை இல்லை. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பெயரைச் சேர்த்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும்.

பைசா செலவு இல்லை

ஜி.எஸ்.டி. பதிவுக்கு அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை. சென்டரில் வாங்குவது அவர்களுடைய வேலைக்கான கூலி, அவ்வளவுதான்.

பதிவு செய்யும் முறை இதுதான்:

* ஜி.எஸ்.டி. டாட் கவ் டாட் இன் என்ற இணையதளத்தில் புதிய பதிவு என்ற பகுதிக்குப் போக வேண்டும். பான் எண், செல்போன், இ-மெயில் கொடுத்தால் இரண்டுக்கும் தனித்தனியாக ஓ.டி.பி. வரும்.

* அதன்பிறகு ஒரு தற்காலிக எண் கிடைக்கும். அதற்கு ஆயுள் 15 நாள். அதற்குள் மீதி விவரங்களைக் கொடுத்து முடிக்க வேண்டும்.

* போட்டோ, தொழில் நடக்கும் இடத்துக்கான ஆதாரம் தேவை. சொந்த வீடு என்றால் வீட்டு வரி ரசீது அல்லது கரண்டு பில். வாடகை என்றால் வாடகை ஒப்பந்தமும், வீட்டுக்காரர் பெயரில் உள்ள ரசீதும்.

* ஆதார் சரிபார்ப்பு செய்ய வேண்டும். சிலரை மட்டும் கைரேகை பதிவுக்காக மையத்துக்கு நேரில் வரச் சொல்லி தகவல் வரும்.

* எல்லாம் முடிந்தால் விண்ணப்ப எண் வரும். ஆதார் சரியாக இருந்தால் சாதாரணமாக 7 வேலை நாளில் முடிவு தெரியும். அதிகாரி சந்தேகம் கேட்டால், 7 வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும். போடாமல் விட்டால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடும்.

2025 நவம்பர் 1-ந் தேதி முதல் இன்னொரு சுலப வழியும் வந்திருக்கிறது. பதிவு பெற்ற மற்ற வியாபாரிகளுக்கு விற்பதில் வரும் வரி மாதம் ரூ.2½ லட்சத்தைத் தாண்டாது என்று உறுதி கொடுத்து, ஆதார் சரிபார்ப்பும் செய்தால் 3 வேலை நாளில் நம்பர் கிடைக்கும்.

நம்பரில் மொத்தம் 15 இலக்கம். முதல் இரண்டு 33 என்று இருந்தால் தமிழ்நாடு. அடுத்த 10 உங்கள் பான் எண். நம்பர் வந்த 30 நாளுக்குள் வங்கிக் கணக்கு விவரத்தை ஏற்ற வேண்டும். அதற்கு முன்பே விற்பனைக் கணக்கு தாக்கல் செய்வதாக இருந்தால், அதற்கு முன்னாலேயே ஏற்றிவிட வேண்டும். சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்டி, பெயர்ப் பலகையிலும் நம்பரை எழுத வேண்டும்.

சாவி உங்களிடம் இருக்கட்டும்

முக்கியமான விஷயம் இது. பதிவில் கொடுக்கும் செல்போன் நம்பரும், இ-மெயிலும் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

பாஸ்வேர்டை மாற்றவும், கணக்கைத் தாக்கல் செய்யவும் ஓ.டி.பி. வருவது அந்த நம்பருக்குத்தான். அது சென்டர்காரரின் நம்பராக இருந்தால் வீட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்த கதைதான். அவர் கடையை மூடிவிட்டாலோ, சம்பளத் தகராறு வந்தாலோ உங்கள் கணக்குக்குள் நீங்களே போக முடியாது.

கணக்காளர் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. அவர் கணக்கு போடட்டும். ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரட்டும். எதற்காக வந்தது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஏற்கனவே வேறு ஒருவர் நம்பரைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. உங்கள் பகுதிக்கான வரி அதிகாரியிடம் அடையாள ஆவணங்களுடன் நேரில் போனால், அவரே செல்போனையும் இ-மெயிலையும் மாற்றித் தருவார். புதிய இ-மெயிலுக்கு பாஸ்வேர்டு வந்துவிடும்.

கணக்கு எப்படி ஓடுகிறது?

பட்டுச்சேலைக்கு வரி 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22-ந் தேதி வரி விகிதங்கள் மாறியபோதும் இது மாறவில்லை. தைத்த ரெடிமேடு பட்டுப்பாவாடை போன்றவை தனி. அவற்றுக்கு ரூ.2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்.

ரூ.20 ஆயிரம் சேலையை தமிழ்நாட்டுக்குள் விற்றால் வரி ரூ.1,000. அதில் மத்திய அரசுக்கு ரூ.500, மாநில அரசுக்கு ரூ.500. வெளி மாநிலத்துக்கு விற்றாலும் அதே ரூ.1,000தான். பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியாக வரும்.

சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு உதாரணம்: ரூ.2 லட்சத்துக்கு பட்டு நூல் வாங்கினால் 5 சதவீத வரி ரூ.10 ஆயிரம். சேலையாக நெய்து ரூ.3 லட்சத்துக்கு விற்றால் வரி ரூ.15 ஆயிரம். பாக்கி கட்ட வேண்டியது ரூ.5 ஆயிரம் மட்டும்.

ஆனால் நூல் விற்றவர் தன் கணக்கில் உங்கள் நம்பரைப் போட்டு பில்லை ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றினால்தான் உங்கள் கணக்கில் ‘2பி’ என்ற பட்டியலில் அது தெரியும். தெரியாவிட்டால் கழிக்க முடியாது. பில் இல்லாமல் விலை குறைத்து வாங்கிய நூலுக்கும் கழிவு கிடையாது.

இந்தக் கணக்கெல்லாம் தலைவலி என்பவர்களுக்கு தொகுப்புத் திட்டம் இருக்கிறது. வருஷம் ரூ.1½ கோடி வரை விற்பவர்கள் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். 3 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மாதம் 18-ந் தேதிக்குள் கட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு கணக்கு தாக்கல். ஆனால் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது, வாங்கிய வரியைக் கழிக்க முடியாது, வெளி மாநிலத்துக்கும் விற்கக் கூடாது.

காலண்டரில் குறித்து வையுங்கள்

சாதாரண முறையில் மாதம்தோறும் தாக்கல் செய்பவர்கள், விற்பனைக் கணக்கை அடுத்த மாதம் 11-ந் தேதிக்குள்ளும், வரிக் கணக்கை 20-ந் தேதிக்குள்ளும் போட வேண்டும்.

வருஷ விற்பனை ரூ.5 கோடி வரை உள்ளவர்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது விற்பனைக் கணக்குக்கு 13-ந் தேதி, வரிக் கணக்குக்கு தமிழ்நாட்டில் 22-ந் தேதி. ஆனால் முதல் இரண்டு மாத வரியை அந்தந்த அடுத்த மாதம் 25-ந் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.

தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.50. கட்டாத வரிக்கு வருஷம் 18 சதவீதம் வட்டி தனி.

‘சேல்ஸே இல்ல... எதுக்கு ரிட்டர்ன்?’

நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆடி மாசம் வியாபாரம் படுத்துவிட்டால், ‘ஒண்ணும் விக்கல, எதுக்கு கணக்கு போடணும்?’ என்று விட்டுவிடுகிறார்கள். அது தப்பு.

ஒரு சேலைகூட விற்காவிட்டாலும் பூஜ்யக் கணக்கு போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் நாளுக்கு ரூ.20 வீதம், ஒரு கணக்குக்கு ரூ.500 வரை தாமதக் கட்டணம் ஏறும்.

இதற்கு கம்ப்யூட்டர்கூட தேவை இல்லை. பதிவு செய்த செல்போனில் இருந்து 14409 என்ற நம்பருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போதும். ஆங்கிலத்தில் ‘நில்’, ‘3பி’, உங்கள் ஜி.எஸ்.டி. நம்பர், மாதமும் வருஷமும் சேர்ந்த 6 இலக்கம் என்று இடைவெளி விட்டு வரிசையாக டைப் செய்ய வேண்டும். பதிலுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதை உறுதி செய்து திருப்பி அனுப்பினால் முடிந்தது. இதற்கும் செல்போன் நம்பர் உங்களுடையதாக இருந்தால்தான் வழி.

தொடர்ந்து 6 மாதம் கணக்கு போடாவிட்டால் நம்பரையே ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. 3 மாத முறை என்றால் தொடர்ந்து 2 முறை விட்டாலே போதும். ரத்தானால் வரி போட்டு பில் கொடுக்க முடியாது. மொத்த வியாபாரிகள் சரக்கு வாங்க யோசிப்பார்கள். உத்தரவு வந்த 90 நாளுக்குள் பாக்கி கணக்குகளை முடித்து, நம்பரைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

தொழிலையே விட்டுவிட்டால் சும்மா இருந்துவிடக் கூடாது. ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பம் போட்டு, கடைசிக் கணக்கையும் தாக்கல் செய்தால்தான் தொல்லை விடும்.

நோட்டீஸ் தபாலில் வரும் என்றும் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் இணையதளத்திலேயே ஏற்றிவிடுகிறார்கள். நோட்டீஸ் வந்ததே தெரியாது என்று சென்னை ஐகோர்ட்டுக்குப் போன வியாபாரிகள் ஏராளம். மாதம் ஒருமுறையாவது உள்ளே போய், நோட்டீஸ்களுக்கான பகுதி, கூடுதல் நோட்டீஸ் பகுதி இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

உங்க பேர்ல போலி கம்பெனியா?

வியாபாரமே செய்யாதவர்களும் படிக்க வேண்டிய விஷயம் இது. லோன் வாங்கித் தருகிறோம், வேலை வாங்கித் தருகிறோம் என்று ஆதார், பான் கார்டு நகலையும் ஓ.டி.பி.யையும் வாங்கி, அந்தப் பெயரில் போலி கம்பெனி தொடங்கும் மோசடி தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. கடைசியில் கூலித் தொழிலாளி வீட்டுக்கு லட்சக்கணக்கில் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்து நிற்கிறது.

உங்கள் பெயரில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். ஜி.எஸ்.டி. இணையதளத்தின் முதல் பக்கத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதி இருக்கிறது. அதில் பான் எண் மூலம் தேடினால், அந்தப் பானில் எந்த மாநிலத்தில் எத்தனை நம்பர் வாங்கியிருக்கிறார்கள் என்று வந்துவிடும். இதற்கு பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம்.

தெரியாத கம்பெனி ஏதாவது இருந்தால் உடனே இணையதளத்தில் புகார் பதிய வேண்டும். வரி அலுவலகத்திலும், போலீசிலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகங்களுக்கு 1800-103-4786 என்ற இலவச உதவி எண்ணில் பேசலாம்.

பட்டு வாங்கும்போது இழை இழையாகப் பார்த்து வாங்குகிற ஊர் இது. அதே மாதிரி போனில் வருகிற ஓ.டி.பி.யையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுத்தால், வருஷக் கணக்கில் வரும் வம்பு மிச்சம்.