பாரமிழுக்கும் வண்டியும் மிகையெண்ணெய்த் தொட்டியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் 'பிக்கப்' என வழங்கும் சிறு பாரவண்டியை நம்மவருட் பலர் படத்திலேனும் கண்டிருப்பர். முன்னே மூவரோ அறுவரோ அமரும் அறையும், பின்னே மேல்மூடியில்லாத பெட்டியும் உடையது அது. உழவர் வைக்கோலும் தச்சர் பலகையும் ஏற்றுதற்கென்று எழுந்த இவ்வண்டி இந்நாளிற் பிறிதொரு தொழிலையும் மேற்கொண்டுள்ளது. குதிரைகள் நிற்கும் கூண்டு, படகு, படுக்கையும் அடுப்பும் அமைந்து வீடுபோல் விளங்கும் கூண்டு முதலியவற்றைத் தன் பின்னே பூட்டி இழுத்துச் செல்வதே அது. இழுக்கப்படுவதை டிரெயிலர் என்பர். யாம் பின்வண்டி என்போம். இங்ஙனம் பாரமிழுக்கும் பிக்கப் வண்டிக்குத் தொழிற்சாலையார் வைத்த எண்ணெய்த் தொட்டி போதாதென்று மிகையாக மற்றொன்றையும் அமைத்துக்கொள்வோர் அந்நாட்டிற் பலர். அஃது எதற்காக, எவ்வாறு, எவ்வளவு என்னும் மூன்றையும் ஈண்டு ஆராய்வோம். மூன்றனுள்ளும் எவ்வளவு என்பதே பெரிய வினா என்பது எம் கருத்து. ஆயினும் அதனைக் கேட்பவரே குறைவு.

முதற்கண் தேவையை நோக்குவோம். இங்குக் கூறுங் காலன் அமெரிக்கக் காலன் என்பதை வாசகர் நினைவிற் கொள்க, அது 3.785 லிட்டரே கொள்ளும். ஆங்கிலக் காலனினும் சிறியது. டீசல் எண்ணெயால் இயங்கும் பெரிய பிக்கப் வண்டி வெறுமையாய் நெடுஞ்சாலையில் ஓடுங்கால் ஒரு காலனுக்கு 18 மைல், 20 மைல் என்று செல்லும். உயர்ந்த முகப்புடைய பின்வண்டி ஒன்றைப் பூட்டினால் அது 10 மைலளவிற்கு இறங்கிவிடும். பாரம் கூடியதனால் மட்டுமே இவ்வாறாகின்றது என்று எண்ணுதல் பொருந்தாது. பாரம் மிகுதியும் வருத்துவது மேடேறும்போது. சமவெளியில் எண்ணெயை உண்பது காற்றே. பின்வண்டியின் முகப்புச் சுவர்போல் நிமிர்ந்து நிற்கின்றது. காற்றின் தடையோ வேகம் இருமடங்கானால் நான்மடங்காகும் இயல்பினது. ஆதலின் மணிக்கு 55 மைல் வேகத்திற் செல்வோனுக்கும் 70 மைல் வேகத்திற் செல்வோனுக்கும் எண்ணெய்ச் செலவிற் பெரிய வேறுபாடு உண்டு. எதிர்காற்றும் வீசுமாயின் கணக்கு இன்னும் கீழிறங்கும்.

தொழிற்சாலைத் தொட்டி 30 காலன் கொள்வதென்று வைத்துக்கொள்வோம். அறிவுடையான் ஒருவனும் கடைசித் துளிவரை ஓட்டான். 4 காலனை எஞ்சவிட்டு 26 காலனைச் செலவிட்டால் பின்வண்டியோடு செல்லக்கூடிய தூரம் 260 மைல். ஊர்கள் நெருங்கிய கிழக்குப் பகுதியில் இது போதும். மேற்கே யூட்டா மாநிலத்தில் 70-ஆம் எண்ணுள்ள பெருஞ்சாலையில் கிரீன் ரிவர் என்னும் ஊருக்கும் சலைனா என்னும் ஊருக்கும் இடையே ஏறக்குறைய 110 மைல் எண்ணெய்க் கடை இல்லை. இதுவும் கடக்கக்கூடியதே. அலாஸ்காவிலுள்ள டால்ட்டன் சாலையிலோ கோல்டுஃபுட்டை விட்டால் டெட்ஹார்ஸ் வரை 240 மைல் ஒன்றுமில்லை. 260-ஐயும் 240-ஐயும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பவர்க்கு மிகைத் தொட்டியின் பயன் தானே விளங்கும்.

எனினும் மிகைத் தொட்டி அமைப்போர் யாவரும் அலாஸ்காவிற்குச் செல்வோர் அல்லர். அவர்களுட் பலரை இதற்குத் தூண்டுவது எண்ணெய்க் கடையில் வண்டியைத் திருப்பும் துன்பம். முன்வண்டியும் பின்வண்டியும் கூடி 50 அடிக்குமேல் நீண்டிருக்கும். சாதாரணக் கடைகளில் அதனை வளைக்க இடமிராது. கூரை தாழ்ந்திருத்தலும் உண்டு. முன்னே ஒரு மோட்டார் வந்து நின்றுவிட்டால் பின்னோக்கியே வெளிவர வேண்டும். பெரிய சரக்கு லாரிகள் நிற்கும் கடைகளில் இடம் மிகுதியாக இருப்பினும், அங்குள்ள விரைவுக் குழாயின் மூக்குப் பருமனானது. பிக்கப் வண்டிகள் பலவற்றின் வாயில் அது நுழையாது. ஆதலின் பின்வண்டியைப் பூட்டுமுன் தம் ஊரிலேயே எண்ணெயை நிரப்பிக்கொண்டு மாலைவரை கடைப்பக்கம் திரும்பாதிருக்க விரும்புகின்றனர். குதிரை ஏற்றிச் செல்வோர்க்கு இவ்விருப்பம் முழுதும் பொருந்தாதென்று தோன்றுகின்றது. நான்கு மணிக்கொருமுறையேனும் நிறுத்திக் குதிரைக்கு இளைப்பாற்றி நீர் காட்டவேண்டியிருக்க, எண்ணெய் மட்டும் பன்னிரண்டு மணி தாங்குவதாற் பயன் என்?

இனி, தொட்டியின் வகைகளைக் கூறுவோம். முதல்வகை, தொழிற்சாலைத் தொட்டியைக் கழற்றிவிட்டு அவ்விடத்திலேயே அதனினும் பெரியதைப் பொருத்துவது. அடிச்சட்டத்திற்கும் இயந்திரத் தண்டிற்கும் இடையே வீணாய்க் கிடக்கும் வெளியையெல்லாம் நிரப்புமாறு இது வார்க்கப்படுகின்றது. 50, 60 காலன் கொள்வனவும் உண்டு. தடித்த பிளாஸ்டிக்காலும் துருப்பிடியாத பூச்சுடைய எஃகாலும் செய்வர். பெட்டியின் இடம் சிறிதும் குறையாது. புதிய குழாய்களும் வேண்டுவதில்லை. இரண்டாம் வகை, அறைக்குப் பின்னே பெட்டிக்குள் நிறுத்தும் தொட்டி. கருவிப் பேழைக்கு அடியில் அமையும்படி எழுத்தாணிப் பெட்டிபோற் குறுகலாகவும், ஏணிப்படிபோல் வளைந்தும் இதனைச் செய்வதுண்டு. ஐந்தாஞ் சக்கரம் என்னும் பூட்டுத் தட்டைப் பெட்டியின் நடுவே கொண்ட வண்டியாயின், திருப்பத்திற் பின்வண்டியின் மூக்கு இத்தொட்டியில் இடியாதவாறு அளந்தே வைக்கவேண்டும். பெட்டி குட்டையாயின் இவ்விடர் மிகும். மூன்றாவது, இயந்திரத்தோடு இணைக்கப்படாமல் தனக்கெனக் குழாயும் இறைப்பானும் உடைய தொட்டி. உழுபொறி முதலியவற்றிற்கு வயலில் எண்ணெய் ஊற்றவே இஃது ஏற்பட்டது. சிறு தகரங்களில் எண்ணெய் கொண்டுசெல்வோரும் உளர். அவர்க்கு ஒன்று சொல்லவேண்டும். பிளாஸ்டிக் விரிப்பிட்ட பெட்டிக்குள் வைத்தபடியே தகரத்திற் பெட்ரோலை நிரப்புதல் ஆகாது. அதிற்றேங்கும் மின்சாரம் தரைக்குச் செல்ல வழியின்றிப் பொறியாய் வெடிக்கும். தகரத்தைத் தரையில் இறக்கிவைத்தே நிரப்பவேண்டும்.

நிற்க. வலியறிதல் அதிகாரத்தைப் பயின்றவர்க்கு வண்டியின் அச்சைப்பற்றி யாம் புதிதாய்ச் சொல்லவேண்டுவதில்லை. ஆயினும் எண்ணெயைக் காலனால் வாங்குவோர் அதனை இராத்தலால் எண்ண மறந்துவிடுகின்றனர். டீசல் ஒரு காலன் ஏறக்குறைய 7 இராத்தல். பெட்ரோல் 6 இராத்தலுக்குச் சற்று மேல். அமெரிக்க பிக்கப் வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஆட்களும் சரக்கும் கூடிய நிறை இத்தனை இராத்தலுக்கு மேற்படலாகாது என்பது அதன் வாசகம். தொழிற்சாலைத் தொட்டியை நிறைக்கும் எண்ணெய் அக்கணக்கில் முன்னரே கழிக்கப்பட்டுவிட்டது. மிகைத் தொட்டியும் அதன் எண்ணெயுமோ முற்றும் சரக்கேயாம்.

ஒரு கணக்குப் போட்டுக் காண்போம். சீட்டில் 2,200 இராத்தல் என்று கண்டிருக்கின்றது. பின்வண்டி 9,000 இராத்தல். பின்வண்டியின் நிறை முழுதும் அதன் சக்கரங்களின்மேல் நிற்பதில்லை. நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை அதன் நாக்கு வழியே முன்வண்டியின்மேல் அழுந்தும். அவ்வளவு அழுந்தாவிடிற் பின்வண்டி பாம்புபோல் நெளிந்தாடும். ஆதலின் அதனைக் குறைத்தலும் கூடாது. நூற்றுக்கு 12 எனக் கொண்டால் 1,080 இராத்தல். தாய், தந்தை, மக்கள் இருவர், அவர்தம் கைப்பைகள் ஆக 600 இராத்தல். எஞ்சுவது 520. இதில் 50 காலன் தொட்டியை நிறுத்துவோம்: எண்ணெய் 350 இராத்தல், வெறுந்தொட்டி 150 இராத்தல் என்று கொண்டால் ஆக 500. மீதி 20 இராத்தல்! பூட்டுக் கருவிக்கும் இஃது எட்டாது. நாயைக்கூட வீட்டிலேயே விட்டுச் செல்லவேண்டும். ஐந்தாஞ் சக்கரப் பின்வண்டியாயின் அழுந்தும் பங்கு நூற்றுக்கு 15 முதல் 25 வரை ஏறுவதால், கணக்கு எண்ணெய்த் தொட்டியை எட்டுமுன்னரே முடிந்துபோதலும் உண்டு.

இதற்கு மாற்றாகப் பின்வில்லிற் காற்றுப்பை பொருத்திக்கொண்டோம் என்பார் சிலர். காற்றுப்பை வண்டியின் தாழ்ந்த முதுகை நிமிர்த்தும். சீட்டிலுள்ள எண்ணை மாற்றாது. அச்சும் தடையும் டயரும் பழையனவே அன்றோ? நீண்ட மலையிறக்கத்தில் மிகைப்பாரத்தைத் தாங்கவேண்டியவை அவையே. வண்டிக்குள் இருப்பவர் முற்கூறிய நால்வர். ஆதலின் கடைக்காரர் 50 காலன் என்று காட்டினாலும், தம் கணக்கு 25 என்று சொல்லுமாயின் 25-ஓடு அமைதலே தக்கது. பெரிய தொட்டியை வாங்கிப் பாதியே நிரப்புவோம் என்னும் உறுதி மலிவான எண்ணெயைக் கண்டவிடத்து நில்லாது.

நிறையைப் போலவே இடமும் கருதத்தக்கது. அறைக்கும் பின்னச்சிற்கும் நடுவே நிற்கும் தொட்டி தன் பாரத்தில் ஒரு பகுதியை முன்னச்சிற்கும் பகிர்ந்தளிக்கும். பின்னச்சுக்கும் அப்பால் மாற்றுச்சக்கரம் தொங்கும் இடத்தில் வைத்த தொட்டியோ நெம்புகோல்போல் முன்சக்கரங்களை உயர்த்தும். பின்வண்டியின் நாக்கும் அதனையே செய்வதால் திருப்புதிறன் இருமடங்கு கெடும். மோதல் நேருங்கால் தொட்டி எங்கிருக்கும் என்பதும் அறியத்தக்கது. இதற்கு அந்நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1972 வரை எண்ணெய்த் தொட்டியை அறைக்குள் இருக்கையின் பின்னே வைத்திருந்தனர். 1973 முதல் 1987 வரை வெளிவந்த முழு அளவுப் பிக்கப் வண்டிகளில் அதனை அடிச்சட்டத்திற்கு வெளியே பக்கங்களில் மாற்றினர். இருபுறமும் ஒவ்வொன்றாக வைத்து 40 காலன் வரை கொள்ள இவ்வமைப்பு இடந்தந்தது. பக்கத்தில் மற்றொரு வண்டி மோதியபோது தொட்டி உடைந்து தீப்பற்றிப் பலர் மாண்டனர் என்று வழக்குகள் எழுந்தன. 1992-இல் அரசாங்கப் பாதுகாப்பு அலுவலகத்தார் ஆராயப் புகுந்தனர். அவ்வாண்டே ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தார் வண்டி தீப்பற்றுவதைக் காட்டுவதற்காகத் தீக்கொளுவும் கருவியை மறைத்துவைத்துப் படமெடுத்து, 1993-இல் மன்னிப்புக் கேட்டதும் நிகழ்ந்தது. அதனால் உண்மையான வினா சிலகாலம் மறைந்து நின்றது. 1994 அக்டோபரிற் போக்குவரத்து அமைச்சர் பெடரிக்கோ பெனா அவ்வண்டிகள் குறையுடையன என்று கூறினார், கம்பெனியார் மறுத்தனர். டிசம்பரில், பாதுகாப்புப் பணிகளுக்காகக் கம்பெனியார் 5 கோடியே 10 இலட்சம் டாலர் அளிப்பதென்ற உடன்பாட்டோடு, வண்டிகள் திரும்பப் பெறப்படாமலே அது முடிந்தது. 1988-இல் வந்த புதிய அமைப்பில் தொட்டி அடிச்சட்டத்திற்கு உட்புறம் சென்றுவிட்டது. பக்கத்திலே மிகைத் தொட்டி தொங்கவிட நினைப்போர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இணைக்கும் முறை இருவகைத்து. பெட்டியிலுள்ள தொட்டி உயரத்தில் இருப்பதால், அதிலிருந்து ஒரு குழாயை முதற்றொட்டியின் வாய்க்குழாயிற் சேர்த்துவிட்டால் எண்ணெய் தன் பாரத்தாலேயே இறங்கும். முதற்றொட்டி நிறைந்ததும் தடுப்பு அடைத்துக்கொள்ளும். மிகைத் தொட்டி தீரும்வரை அளவுமுள் நிறைவிலேயே நிற்கும். முள் அசையத் தொடங்கினால் இருப்பு முதற்றொட்டி மட்டுமே என்று உணரவேண்டும். இம்முறை டீசலுக்கே உரியது. பெட்ரோலின் ஆவி எளிதிற் பற்றுவதாலும், அவ்வாவி வெளிப்படாது காக்கும் அமைப்புக்களைக் கெடுத்தல் சட்டத்திற்கு மாறாதலாலும் பெட்ரோல் வண்டிக்கு இஃது ஆகாது. மற்றொன்று, சிறு மின்சார இறைப்பான் வைத்து, முதற்றொட்டி ஓரளவு குறைந்ததும் ஏற்றுவது. நேரே இயந்திரத்திற்கு எண்ணெயை இறங்கவிடுதல் வாணிக வண்டிகளில் விலக்கப்பட்டது. தொட்டி நூற்றுக்கு 95 பங்கிற்குமேல் நிரம்பாதபடி அமையவேண்டும் என்பதும் அவற்றிற்குரிய விதி. குளிர்ந்த எண்ணெய் வெயிலில் விரிதற்கு அவ்வெற்றிடம் வேண்டும். வாணிக வண்டியின் பக்கத்தொட்டியையோ, நிறையெண்ணெயின் எடைக்கு ஒப்பான நீரை நிரப்பி 30 அடி உயரத்திலிருந்து மூலைபடும்படி வீழ்த்திச் சோதிப்பர். நிமிடத்திற்கு ஓர் அவுன்சுக்கு மேல் ஒழுகலாகாது. கடையில் விற்கும் மலிவுத் தொட்டியை வாங்குவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. தொட்டியைத் துளைக்குங்கால் வீழும் உலோகத்தூளும், துத்தநாகம் பூசிய குழாய்களும் டீசல் இயந்திரத்திற்குப் பகை. நுண்ணிய துளைகளின் வழியே பேரழுத்தத்தில் எண்ணெயைத் தெளிக்கும் அவ்வியந்திரம் சிறு துகளாலும் பழுதாகும்.

உழவர் வண்டிக்கு வேறொரு கவலையும் உண்டு. வயற்பொறிகளுக்கு வரியின்றி விற்கும் டீசலுக்குச் செஞ்சாயம் கலந்திருப்பர். அதனைச் சாலையில் ஓடும் வண்டியின் இயந்திரத்திற்கு ஊட்டினால், 1,000 டாலர், அல்லது காலனுக்கு 10 டாலர், இவற்றுள் எது மிகுதியோ அது நடுவணரசின் தண்டம். ஆதலின் செவ்வெண்ணெய் கொண்ட தொட்டிக்கும் முதற்றொட்டிக்கும் இடையே எவ்விதக் குழாயும் இருத்தல் கூடாது.

குளிர்காலத்தில் எண்ணெயின் ஊரும் கருதப்படவேண்டும். டெக்ஸாஸ் போன்ற வெப்பநாட்டில் விற்கும் டீசலிலுள்ள மெழுகு கடுங்குளிரில் உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். வடமாநிலக் கடைகளிற் குளிர்க்கேற்பக் கலந்து விற்பர். சிறு தொட்டியுடையோன் வழிநெடுக வாங்குவதால் அவன் எண்ணெய் ஊருக்கு ஊர் தானே மாறிவிடும். 80 காலன் உடையோனோ தெற்கில் நிரப்பியதையே தை மாதத்தில் மொன்ட்டானாவிற்குக் கொண்டுபோய் விடியற்காலையில் வண்டியை இயக்க முயல்வான். வடக்கே செல்லுங்கால் மிகைத் தொட்டியைப் புறப்படும் ஊரில் வெறுமையாய் விட்டு, குளிரெண்ணெய் கிடைக்கும் எல்லையை அடைந்தபின் நிரப்புவதே அவனுக்கு உரிய முறை.